காப்புக் கட்டிய பிறகு

எங்கள் ஊர் அம்மனுக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லி விழாக் கமிட்டித் தலைவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கைடு என்று இருபது வருடமாக அடுத்தவர் எழுதியதில் ஒற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுத்து வேலை என்றால் மட்டும் ஊருக்கு என் ஞாபகம் வரும்.

"இந்த வருஷம் கலர் நோட்டீஸ் தாயி. நாலு பக்கம். மூணு பக்கத்துக்கு நன்கொடை குடுத்தவுக போட்டோ. கடைசிப் பக்கத்துல ஆத்தா கதையை ஒரு பாரா போட்டுட்டா எடுப்பா இருக்கும்" என்றார்.

"எந்தக் கதை மாமா?"

"அதான், ஆத்தா ஜோதியில கலந்தது."

"ஜோதியில எங்க கலந்தா? படப்புல தீப்பிடிச்சுல்ல செத்தா."

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது, அதுதான் அவரிடம் உள்ள பெரிய தொந்தரவு. "பட்டாசு ஊரு தாயி. நெருப்புல வெந்து செத்தான்னு நோட்டீஸ்ல போட்டா நல்லாவா இருக்கும்? கம்பெனிக்காரவுக எல்லாம் பாப்பாக. ஜோதின்னு போட்டுரு. அழகா இருக்கும்."

அழகாகத்தான் இருக்கும். வார்த்தையைப் பொறுக்கிப் போடுவதில் தலைவருக்கு எப்போதுமே நல்ல கை. ஏழு வருடத்துக்கு முன்னால் என் அக்கா பட்டாசு கம்பெனியில் வெந்து செத்தபோது, அதையும் அவர் 'அசம்பாவிதம்' என்றுதான் சொன்னார். அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் 'சாவு' என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாதாம்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஏன் சொன்னேன் என்று அவர் போன பிறகு என்னையே திட்டிக்கொண்டேன்.

எம். புதுப்பட்டியிலிருந்து மேற்கே போகும் ரோட்டில் கம்பெனி ஷெட்டுகளைத் தாண்டினால் எங்கள் ஊர். ஆடி மாதக் கடைசியில் முளைப்பாரி எடுப்பது வழக்கம். அம்மனுக்குக் கல்வெட்டோ ஏடோ கிடையாது. இருக்கிற வரலாறு எல்லாம் கும்மிப் பாட்டில்தான் இருக்கிறது. பெண்கள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடுவார்கள். ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து கேட்பார்கள், அதாவது கேட்பது போல உட்கார்ந்திருப்பார்கள். கேட்டிருந்தால் ஜோதி என்ற வார்த்தை தலைவர் வாயில் வந்திருக்காது.

பாட்டில் உள்ள கதை இதுதான். அவள் இந்த ஊருக்கு வாழ வந்த பெண். ஒரு கோடையில் களத்துமேட்டில் வைக்கோல் படப்பு தீப்பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தொழுவத்தில் ஊர்க் கன்றுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. ஆண்கள் தண்ணீருக்கு ஓடினார்கள். இவள் தொழுவத்துக்குள் ஓடிக் கன்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விரட்டினாள். கடைசிக் கன்று வெளியே வந்தது, இவள் வரவில்லை. அணைத்து முடித்து எடுத்தபோது உடம்பு வெந்திருந்தது. தீயில் வெந்த பிணத்தை ஊருக்குள் கொண்டுவந்தால் ஊருக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் வாழ்ந்த தெருவுக்கு, அவள் காப்பாற்றிய கன்றுகள் நின்ற தெருவுக்கு, அவளைக் கொண்டுவர விடவில்லை. கண்மாய்க் கரையிலேயே குழி வெட்டி மூடினார்கள். அந்த வருடம் மழை பெய்தும் ஊரில் போட்ட விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. அவளைப் புதைத்த மண்மேட்டில் மட்டும் பயறு முளைத்து நின்றது. அந்த மண்ணைச் சட்டியில் அள்ளி, ஒன்பது தானியம் போட்டு முளைக்க வைத்து, அவளை விடாத அதே தெரு வழியாகத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள் பெண்கள். அதற்குப் பிறகுதான் ஊரில் விதை முளைத்ததாம்.

ஆக, எங்கள் ஊரில் முளைப்பாரி என்பது அவள் உடம்பு. ஊர் அன்றைக்கு உள்ளே விடாத பிணத்தை வருடத்துக்கு ஒருமுறை உள்ளே கூட்டி வருகிறோம். மன்னிப்புக் கேட்கிற திருவிழா இது. ரேடியோ செட்டும் வாணவேடிக்கையும் வந்த பிறகு அது யாருக்கும் நினைவில்லை.

செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், நோட்டீஸில் அதற்கு இடமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அம்மனுக்கும் நேர்ந்துகொண்டவர்களுக்கும் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துண்டு கோத்த கயிறு, வலது மணிக்கட்டில். அன்றைக்கே முளைப்பாரி போடுகிற பெண்கள் ஆளுக்கொரு மண்சட்டியில் வைக்கோலும் காய்ந்த எருவும் பரப்பி, ஊறவைத்த பயறைத் தூவி, முளைவீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். முளைவீடு என்பது கோயிலை ஒட்டின ஓர் அறை. ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில்கூடச் சாக்கு அடைத்து வெளிச்சம் வராமல் பண்ணியிருப்பார்கள். முளைக்காரம்மா என்று ஒரே ஓர் அம்மாதான் ஈரத்துணியோடு உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார். இருட்டில் வளர்வதால் முளை பச்சையாக இருக்காது, வெளுத்த மஞ்சளாக, ஒல்லியாக, ஒரு முழம் வரும். எட்டாம் நாள், அதாவது அடுத்த செவ்வாய், ஊர்வலம். மறுநாள் கண்மாயில் கரைப்பது. யாருடைய சட்டியில் முளை உயரமாக நிற்கிறதோ அந்த வீடு அந்த வருடம் செழிக்கும் என்பார்கள்.

அந்த எட்டு நாளுக்குச் சட்டதிட்டம் ஏராளம். கவிச்சி கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, முளைப்பாரி போட்டவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, காப்புக் கட்டினவர்கள் கேதத்துக்கு, அதாவது துக்க வீட்டுக்கு, போகக் கூடாது, பிணத்தைப் பார்க்கக் கூடாது. ஊரில் யாராவது செத்தால் கொட்டு கூடாது, ஒப்பாரி கூடாது.

அக்கா செத்த அந்த வருடம் எனக்கும் காப்பு. என் மகளுக்கு அப்போது அடிக்கடி வலிப்பு வந்துகொண்டிருந்தது. மூன்று வருடம் முளைப்பாரி எடுக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன், அது இரண்டாம் வருடம். வலிப்பு குறைந்திருந்தது. மதுரை டாக்டரின் மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு என்று வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள் நான், பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளி, கோயிலுக்கு நேர் எதிரே. அங்கே அம்மாவும் அக்காவும். அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா போனதிலிருந்து வீட்டைத் தூக்கி நிறுத்தினவள் அவள்தான். கம்பெனியில் பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்துகிற வேலை. பிறந்த வீட்டுக்காக அவள் ஒரு சட்டி, புகுந்த வீட்டுக்காக நான் ஒரு சட்டி. அடையாளத்துக்கு அம்மா தன் பழைய சேலைகளிலிருந்து கரையைக் கிழித்துச் சட்டிக் கழுத்தில் கட்டிவிட்டாள். அக்காவுக்குப் பச்சைக் கரை. எனக்கு அரக்குக் கரை. முடிச்சை இறுக்கிக்கொண்டே, "ரெண்டும் ஒரே உசரம் வரணும். ஒண்ணு கூடி ஒண்ணு கொறையக் கூடாது" என்றாள்.

காப்புக் கட்டின இரண்டாம் நாளே தீபாவளி ஆர்டர் நெருக்குகிறது என்று கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. முளைப்பாரி போட்ட பெண்கள் எல்லை தாண்டக் கூடாதே என்று சிலர் இழுத்தார்கள். கமிட்டி கூடியது. கம்பெனி வேனுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிற ஏஜெண்டும் நம்ம தலைவரே. அரைமணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது.

"காலையில போயி சாயங்காலம் கும்மிக்கு வந்துட்டா எல்லை தாண்டினதா ஆகாது. ஆத்தா சோறு போடுறதே அந்த வேலையிலதான். அவ ஒண்ணும் கோவிக்க மாட்டா."

அம்மா மட்டும் அக்காவிடம் போக வேண்டாம் என்றாள். "சீசன்ல லீவு போட்டா பெறகு கூப்பிட மாட்டாகம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா வேன் ஏறினாள். வியாழன் போனாள், வெள்ளி போனாள். சனிக்கிழமை மத்தியானம் அவள் இருந்த அறை வெடித்தது.

சத்தம் ஊருக்கே கேட்டது. எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் பெண்கள் முதலில் திசையைப் பார்ப்பார்கள், பிறகு புகையைப் பார்ப்பார்கள், பிறகு ஓடுவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஓட முடியாது. வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் எந்த அறை, எந்த அறை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் என் வீட்டுக்காரர் பெரியாஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். அக்கா ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டதாகவும், உடம்பை நாளைக்குத்தான் தருவார்கள் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அம்மா அண்டாவில் தண்ணீர் காய வைத்துவிட்டாள். மஞ்சள் அரைத்துக் கலந்து வைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு புதுச் சேலையை எடுத்துத் திண்ணையில் வைத்தாள். வெந்த உடம்பைக் குளிப்பாட்ட மாட்டார்கள், சுற்றிக் கட்டித்தான் தருவார்கள் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. நான் என் வீட்டில் இருந்தேன். காப்புக் கட்டினவள் கேத வீட்டுக்குப் போகக் கூடாது என்று என் மாமியார் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரும் போனில் அதைத்தான் சொன்னார். "நீ ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். புள்ளைக்காகக் கட்டின காப்பு. நான் பாத்துக்கிடுறேன்." சரி என்றேன். இரண்டாவது தடவை அவர் சொல்லத் தேவைப்படவில்லை.

பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. இந்தத் தடவை அரைமணி நேரம்கூட ஆகவில்லை. காப்புக் கட்டின ஊருக்குள் பிணம் நுழையக் கூடாது. அதிலும் தீயில் வெந்தது. அதிலும் கோயிலுக்கு எதிர் வீடு. ஆஸ்பத்திரி வண்டி கண்மாய்க் கரை வழியாக நேரே சுடுகாட்டுக்குப் போய்விட வேண்டும். அம்மா என் சித்தப்பாவை அனுப்பிக் கேட்டாள். "உள்ள கொண்டுவர வேண்டாம். வாசல்ல ஒரு நிமிசம் இறக்கிட்டுப் போகட்டும். நான் அவளை ஒருதரம் பாத்துக்கிடுறேன்." தலைவர் மறுத்தார். மறுக்கும்போதுகூட அவருக்குக் குரல் உயரவில்லை. "ஆத்தாளுக்குச் செய்யிறதுல கொறை வந்தா அந்தப் பாவம் உங்க வீட்டு மேலதான் விழும்" என்று சொல்லி அனுப்பினாராம்.

ஆர்டருக்காக எல்லை தாண்டிப் போகலாம். செத்து எல்லைக்குள் வரக் கூடாது. இதை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் கழித்து எழுதுவது சுலபம்.

வண்டி கரை வழியாகப் போனது. அம்மா மாலை வரைக்கும் வாசலில் இருந்தாள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஆக அவள் தன் மகளை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அண்டாத் தண்ணீர் அப்படியே ஆறிக் கிடந்தது.

திங்கட்கிழமை இன்னொரு தீர்ப்பு வந்தது. செத்தவள் போட்ட முளைப்பாரி ஊர்வலத்தில் போகக் கூடாது, முளைவீட்டில் இருப்பதே தீட்டு, அப்புறப்படுத்த வேண்டும். யார் அதைத் தொடுவது? தொட யாரும் முன்வரவில்லை. நான் வேறு வீட்டுக்கு வாக்கப்பட்டவள் என்பதால் பிறந்த வீட்டுத் தீட்டு எனக்கு இல்லை என்று கமிட்டியே முடிவுசெய்திருந்தது. கூடப் பிறந்தவள் செத்தது எனக்குச் சாவு இல்லை, ஊர் சொல்லிவிட்டது. அதனால் நான் என் சட்டியைத் தூக்கலாம், தூக்கத்தான் வேண்டும், நேர்ந்தது நேர்ந்ததுதான். அதே நியாயத்தில், அக்கா சட்டியைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டுவதற்கும் நானே பொருத்தமான ஆள்.

செவ்வாய் மத்தியானம் முளைவீட்டுக்குப் போனேன். சட்டி வைத்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த அறைக்குள் நுழைகிறேன். சாம்பிராணியும் ஈர எருவும் கலந்து ஒரு வாடை. இருட்டுக்குக் கண் பழகியதும் வரிசை வரிசையாக முளைகள் தெரிந்தன. அக்கா சட்டியைத் தனியாக மூலையில் தள்ளி வைத்திருந்தார் முளைக்காரம்மா. பச்சைக் கரை கட்டின சட்டி. அந்த அறையிலேயே உயரமான முளை அதுதான். மற்றதெல்லாம் முழம் என்றால் அது ஒரு சாண் கூட. அந்த வீடுதான் இந்த வருடம் செழிக்கப் போகிறதாம். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பல்லைப் பெயர்க்கிற மாதிரி அடிக்க வேண்டும் போல இருந்தது.

"சீக்கிரம் எடுத்துட்டுப் போயிரு. மத்த பொம்பளைகள் வந்துருவாக" என்றார் முளைக்காரம்மா.

நான் போய் என் சட்டியை எடுத்தேன். அரக்குக் கரை கட்டினதை. அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக் கண்மாய்க்குப் பின்னால் கருவேலங்காட்டுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வந்து மொய்த்தன. என் மகளுக்காக நேர்ந்த முளை. ஆடுகளை விரட்டக்கூட இல்லை. திரும்பி வந்து குளித்து, ஈரத்துணியோடு முளைவீட்டுக்குப் போய் மூலையில் இருந்த சட்டியைத் தூக்கி என் இடத்தில் வைத்தேன். கரைத் துணியை மாற்றிவிடலாம் என்று முடிச்சில் கை வைத்தேன். அம்மா போட்ட முடிச்சு, அவிழவில்லை. அறுக்க மனம் வரவில்லை. பூச்சரத்தைச் சுற்றி அதை மறைத்தேன்.

முளைக்காரம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த இருட்டிலும் எந்தச் சட்டி யாருடையது என்று விரலால் தொட்டே சொல்கிறவர். முளையின் நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒன் சட்டி நல்லா வளந்திருக்கு தாயி" என்றார். அவ்வளவுதான். அவரும் இப்போது இல்லை. என் வீட்டுக்காரருக்கோ என் மகளுக்கோ இது தெரியாது. ஊரில் ஒரு மாடு செத்திருந்தாலும் தீட்டுச் சட்டியால்தான் என்று அம்மா வீட்டைக் கிழித்திருப்பார்கள். அந்தப் பயத்தில் அன்றைக்கு வாயை மூடியவள்தான் நான்.

சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. அக்காவைத் தலையில் தூக்கிக்கொண்டு எல்லாத் தெருவும் சுற்றினேன். சட்டி கனம் இல்லை. அவளை விடாத தெருவில் அவளைக் கொண்டுபோகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு வெறி இருந்தது, சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்த வருஷம் ஒன்னோடதுதான் உசரம் தாயி" என்றார். கும்பிட்டது யாரை என்று அவருக்குத் தெரியாது.

எங்கள் வழக்கத்தில் முளைப்பாரி வரும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தூக்கி வருகிறவளின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். தீட்டு வீடு என்பதால் எங்கள் வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மா நின்றாள். ஒரு குடத்தோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள். குடத்துத் தண்ணீரை வாசற்படியில் ஓங்கி ஊற்றினாள். என் காலில் அல்ல, படியில். தண்ணீர் தெறித்து என் சேலை நனைந்தது. உள்ளே போய் இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். பிறகு என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பின்னால் வந்த பெண்கள் கும்மியை நிறுத்தவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்தார்கள். மறுநாள் காலை தெருக்குழாயில் பேச்சு அதுதான். கூடப் பிறந்தவள் செத்து மூணு நாள் ஆகவில்லை, பூச்சுற்றிக்கொண்டு ஆடப் போனாள், பெற்றவளே அவளைத் தலைமுழுகிவிட்டாள் என்று.

நானும் அப்படியே நினைத்தேன். அதற்குப் பிறகு ஏழு வருடம். அம்மா என்னோடு பேசாமல் இல்லை. மாத்திரை வாங்கி வா, கரண்ட் பில் கட்டு, என்பாள். ஆனால் என் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அக்கா பேச்சை என்னிடம் எடுக்கவில்லை. முன்பு கும்மியில் முதல் குரல் அவளுடையது, அதற்கும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் மன்னித்துவிடுவாள் என்று பல தடவை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் யாரிடமாவது உளறிவிடுவாளோ என்று பயம். இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

நோட்டீஸ் வேலை வந்ததும் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. தலைவர் கேட்டபடி ஜோதியைப் போட்டு ஒரு பாரா எழுதினேன். பாட்டில் ஓர் இடம் சந்தேகமாக இருக்கிறது, அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று எனக்கே ஒரு வேலையைக் கொடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். ஜோதி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"ஜோதியா? யாரு சொன்னா?"

"தலைவர் மாமா."

"அவன் சொல்லுவான். ஒன் புத்தி எங்க போச்சு?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்கு நான் தூக்கிட்டு வந்தது என் சட்டி இல்ல. அக்காவோடது. என்னோடதை ஆட்டுக்குப் போட்டுட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. புளியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துத் தனியாகப் போட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பூவுக்குள்ள பச்சைக் கரை தெரிஞ்சுச்சுல்ல. நான் கிழிச்சுக் கட்டினதுடி அது. அந்தச் சேலை எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏம்மா கதவைச் சாத்தினே? ஊரே பாக்க தண்ணிய ஊத்தி, மூஞ்சியில அடிச்ச மாதிரி?"

"பொணம் வாசலைத் தாண்டினதும் என்ன செய்வாக? வீட்டைக் கழுவி விடுவாகல்ல. அதைத்தான் செஞ்சேன். அவளுக்குக் காய வச்ச தண்ணி, அண்டாவுல மூணு நாளாக் கெடந்துச்சு. யாருக்கு ஊத்தச் சொல்லுறே? நீ அவளைக் கொண்டுட்டு வந்தே. வாசல்ல வச்சுப் பாத்துக்கிட்டேன். அனுப்பிட்டுக் கழுவி விட்டேன். எல்லா வீட்டுலயும் செய்யிற மாதிரி."

நான் அழுதேன். அந்தக் கதவு என்மேல் உள்ள கோபத்தில் சாத்தியதல்ல என்று ஏழு வருடம் கழித்துத் தெரிந்து அழுதேன். அவள் மடியில் கை வைக்கப் போனேன். அவள் என் கையைத் தள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை.

"அப்படின்னா இத்தனை வருசமா ஏம்மா என் வீட்டுக்கு வரல? என்ட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அப்போதுதான் அவள் புளியை விட்டுக் கையெடுத்தாள்.

"தூக்கிட்டு வந்தது சரி. அதுல ஒம்மேல எனக்கு ஒண்ணுமில்ல. நீ ஆஸ்பத்திரிக்குப் போகலைல்ல. எனக்குக் காலு இல்ல, ஒனக்கு இருந்துச்சு. ஒரு ராத்திரி முழுக்க அவ அங்கன தனியாக் கெடந்தா. நீ போயி அவ மூஞ்சியப் பாத்துட்டு வந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கயித்த அறுக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

காப்பு என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொல்லவில்லை. ஏனென்றால் காப்பு காரணமே இல்லை. சாவு வீட்டுச் சட்டியைத் தலையில் தூக்கிச் சுமந்தவளுக்கு அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கயிற்றை அறுக்கவா பயம்? வெந்த முகத்தைப் பார்க்கப் பயந்தேன். போக வேண்டாம் என்று மாமியார் சொன்னபோதும் வீட்டுக்காரர் சொன்னபோதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கமிட்டியைத் திட்டித் திட்டி அந்த நிம்மதியை இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்தேன். எழுத்துத் தெரியாதவள், இவ்வளவு காலமும் என்னை ஒரு பிழைகூட இல்லாமல் படித்து வைத்திருக்கிறாள்.

அவள் மறுபடியும் புளி ஆயத் தொடங்கினாள். நான் எழுந்து வந்தேன்.

அச்சகத்துக்குப் போய் ஜோதி என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தேன். பாட்டில் உள்ளபடியே எழுதினேன். படப்பில் தீப்பிடித்ததும், கன்றுகளும், வெந்த உடம்பை ஊருக்குள் கொண்டுவர விடாததும். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். 'அவளுடன் பிறந்தவள் ஒருத்தி இந்த ஊரிலேயே இருந்தாள், அவளும் போய்ப் பார்க்கவில்லை.' இது கும்மிப் பாட்டில் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நோட்டீஸ் அடித்து வந்தது. தலைவர் என் எதிரிலேயே கட்டைப் பிரித்துப் புரட்டினார். முதல் பக்கத்தில் தன் போட்டோ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார், மற்றவர்கள் போட்டோவை எண்ணினார், கடைசிப் பக்கத்தின் மேல் ஒரு பார்வை ஓட்டினார். "நல்லா எழுதியிருக்கே தாயி" என்றார். ஊரில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். அந்த வரியைப் பற்றி இன்று வரைக்கும் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.

அம்மாவுக்கும் ஒன்று கொண்டுபோனேன். கடைசிப் பாராவை வாசித்துக் காட்டினேன். நான் சேர்த்த அந்த வரியையும் விடாமல் வாசித்தேன். நான் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். முடித்ததும், "இன்னொரு தடவை வாசி" என்றாள்.